மேடுபள்ளமான புல்தரையைத் திருத்திப் புதுப் புல் விதைப்பது எப்படி: பெங்களூரு வீடுகளுக்கு முழு வழிகாட்டி

கூக் டவுன் பக்கம் எங்கள் வீட்டு முன்னால் முப்பதுக்கு இருபது அடியில் ஒரு புல்தரை இருக்கிறது. அம்மாவுக்கு 78 வயது. தினமும் காலையில் செருப்பில்லாமல் அதில் பத்துச் சுற்று நடப்பார். 2024 கோடையில் போர்வெல் வற்றிப் புல் காய்ந்தது. அதுவரை புல் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கணுக்கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது.

அந்த செப்டம்பரில் அவசரமாக நான்கு மூட்டை செம்மண் கொட்டிப் பள்ளத்தை மூடி, மேலே விதை தூவினேன். செப்டம்பர்தான் பெங்களூரில் மழை அதிகம் பெய்யும் மாதம். இரண்டே மழையில் மண்ணும் விதையும் சாக்கடை ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தன, மிச்ச மண்ணும் இறங்கிப் பள்ளம் திரும்ப வந்துவிட்டது. 2025-ல் முதலிலிருந்து முறையாகச் செய்தேன். விதை வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி என்பது அப்போதுதான் புரிந்தது. பள்ளம் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் எவ்வளவு நல்ல விதை போட்டாலும் பணம் வீண். அதனால் இங்கே மண்ணைப் பற்றி நிறையவும் விதையைப் பற்றிக் குறைவாகவும் எழுதியிருக்கிறேன்.

பள்ளத்தின் காரணத்தைத் தேடுங்கள்

எங்களுக்கு உதவிய தோட்டக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். நான் விதைப் பாக்கெட்டோடு போய் நின்றபோது, "விதையை அப்புறம் வாங்கிக்கலாம்மா. மொதல்ல இந்தக் குழி ஏன் வந்துச்சுன்னு பாத்துடலாம்" என்றார். "மண் எறங்கியிருக்கும்ணா" என்றேன். "எறங்கும். ஏன் இந்த எடத்துல மட்டும் எறங்குச்சு?" என்று கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில், ஒரு நீளமான கம்பியை இரண்டடிக்கு ஒரு இடம் என்று குத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் நல்ல மண். இரண்டு அங்குலத்திலேயே 'டக்' என்று முட்டினால் கீழே கட்டட இடிபாடு இருக்கிறது. நம் ஊரில் வீடு கட்டி முடித்ததும் உடைந்த செங்கல், காய்ந்த சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு எல்லாவற்றையும் முன்பக்கம் தள்ளி, மேலே நான்கு அங்குலம் செம்மண் பரப்பிப் புல் பதித்துக் கொடுப்பது சர்வ சாதாரணம். கட்டிகளுக்கு இடையிலுள்ள பொந்துகளில் மண் இறங்க இறங்க மேலே தரை அலை அலையாகிவிடும்.

நீளவாக்கில் கோடு போல ஒரு பள்ளம் ஓடினால், கீழே குழாய் பதித்த பள்ளத்தைச் சரியாக இறுக்கி மூடவில்லை என்று அர்த்தம். அங்கே மட்டும் புல் எப்போதும் பச்சையாக இருந்தால் குழாய் கசிகிறது. முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். வட்டமான பள்ளம் என்றால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மக்கிக்கொண்டிருக்கலாம். ஓரத்தில் துளையும் பக்கத்தில் குவிந்த மண்ணும் தெரிந்தால் பெருச்சாளி. சின்னச் சின்ன உருண்டைகளாக மண் குவிந்திருந்தால் அது மண்புழு எச்சம். அதைத் துடைப்பத்தால் பரப்பிவிட்டால் போதும், மண்ணுக்கு நல்லதுதான்.

எங்கள் வீட்டில் இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று, சம்ப்புக்குப் போகும் குழாய்ப் பள்ளம். இன்னொன்று, அம்மா விழுந்த இடம்: பல வருடம் முன்பு வெட்டிய சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டை. தோண்டினால் உள்ளே காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. கட்டையையும் பெருவேர்களையும் முழுவதும் எடுக்காமல் மண் போட்டால், மிச்சம் மக்க மக்க அதே இடம் திரும்ப இறங்கும். எங்கள் செப்டம்பர் மண் இறங்கியதும் அதனால்தான்.

முழுவதும் பெயர்க்க வேண்டுமா?

எல்லோருக்கும் அது தேவையில்லை. பாதிக்கு மேல் நல்ல புல் இருந்து, பள்ளங்கள் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் இருக்கிற புல்லைக் காப்பாற்றிவிடலாம். புல்லை ஒட்ட வெட்டி, சலித்த மண்ணும் மக்கிய எருவும் மணலும் கலந்த கலவையை ஒரு தடவைக்கு அரை அங்குலம் மட்டும் பரப்பி, துடைப்பத்தால் புல்லின் இடையில் தள்ளிவிடுங்கள். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். முழுக்க மூடினால் அழுகிவிடும். மூன்று நான்கு வாரத்தில் புல் மேலே வந்ததும் அடுத்த அரை அங்குலம்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் பள்ளம் அல்லது மேடு என்றால், அந்த இடத்துப் புல்லைக் கூட்டல் குறி போல வெட்டி, நான்கு மடிப்பாக உரித்துத் திறவுங்கள். கீழே மண் சேர்க்கவோ எடுக்கவோ செய்து, மடிப்பை மூடி மிதித்துத் தண்ணீர் விடுங்கள். ஒரு மாதத்தில் தழும்பு கூடத் தெரியாது.

பாதிக்கு மேல் களையும் வெறும் மண்ணுமாக இருந்தால், அல்லது கீழே இடிபாடு இருந்தால், முழுவதும் பெயர்ப்பதே நல்லது. இனி வருவது அந்த வேலைக்கான முறை.

காலக் கணக்கு

விதையில் வளர்க்க பெங்களூருக்கு ஏற்றது அருகம்புல். நர்சரிகளில் பெர்முடா என்ற பெயரில் கிடைக்கும். அதற்குச் சூடான மண் வேண்டும். குளிரில் முளைப்பு இழுத்துக்கொண்டே போகும். அதனால் நவம்பர் முதல் ஜனவரி வரை விதைக்காதீர்கள். மே மாத இடிமழை விதையை அடித்துக்கொண்டு போகும். செப்டம்பர், அக்டோபரும் அப்படியே. மண் இன்னும் சூடு ஆறாமல், மழையும் பெரும்பாலும் தூறலாக இருக்கும் ஜூன் முதல் இரண்டு வாரம்தான் என் தேர்வு. ஜூனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: 2024 ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் இந்த ஊரில் 111 மி.மீ. பெய்தது. முன்னறிவிப்பில் நான்கு நாள் கனமழை இல்லை என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

ஜூனில் விதைக்க வேண்டுமானால் பிப்ரவரி கடைசியிலேயே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

தோண்டுவது, இடிபாட்டை எடுப்பது, கோரையோடு போராடுவது

எட்டு அங்குல ஆழம் கொத்திப் புரட்டுங்கள். அரை அங்குலக் கம்பிச் சல்லடையைச் சாய்த்து வைத்து மண்ணை எறிந்தால் ஜல்லியும் கட்டியும் முன்னால் விழுந்துவிடும். எங்கள் அறுநூறு சதுர அடியில் கிளம்பிய இடிபாடு ஒரு சின்ன டெம்போவை நிரப்பியது. சலித்த நல்ல மண்ணில் பத்துப் பதினைந்து மூட்டையைத் தனியாக மூடி வையுங்கள். பின்னால் மட்டம் பார்க்கும்போது அது தங்கம்.

களைகளில் தொட்டாற்சிணுங்கியும் புளியாரையும் மூக்குத்திப்பூண்டும் கையோடு வந்துவிடும். உண்மையான எதிரி கோரை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காக, நூல் போன்ற வேரால் கோத்துக்கொண்டு ஓரடி ஆழம் வரை போகும். மேலே பிடுங்கினால் கீழிருக்கும் கிழங்கு தூக்கம் கலைந்து முளைக்கும். மண்வெட்டியால் வெட்டினாலோ பவர் டில்லர் ஓட்டினாலோ சங்கிலி அறுந்து, ஒரு கோரை பத்தாகும். முள் மண்வெட்டியால் நெம்பி, கையால் மண்ணை உதிர்த்துக் கிழங்கைப் பொறுக்குவதே வழி. பொறுக்கியதை எருக்குழியில் போடாதீர்கள். சிமென்ட் தரையில் வெயிலில் நன்றாகக் காயவைத்தால் சாகும்.

"மருந்து அடிச்சா ஒரே வாரத்தில் முடிஞ்சிடும்" என்று பலர் சொல்வார்கள். அந்த மருந்து பெரும்பாலும் கிளைபோசேட். 2022-ல் மத்திய அரசு அறிவித்த கட்டுப்பாட்டின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். வயதானவர்கள் வெறுங்காலில் நடக்கப்போகிற இடத்தில் அது எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மண்ணை வளப்படுத்துவது

மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஐந்தாறு இடத்தில் ஆறு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். அருகம்புல்லுக்கு மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் வசதி. இந்த ஊர்ச் செம்மண் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்வது வழக்கம், ஆனால் சிமென்ட் இடிபாடு கிடந்த இடத்தில் எதிர்ப்பக்கம் போயிருக்கும். பார்க்காமல் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள்.

எங்கள் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ நன்றாக மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்தோம். அறுநூறு சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். எரு மட்டும் 280 கிலோ. சூடு ஆறாத பச்சைச் சாணத்தை ஏமாந்து வாங்கிவிடாதீர்கள். கையில் எடுத்து முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். சாண நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை. மண் இறுக்கமாக இருந்தால் மணல் சேர்க்கலாம். எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கல்தூள் அதிகம், காய்ந்தால் இறுகும்; அலசிவிட்டுக் கலக்குங்கள்.

மட்டம்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

முதலில் ஆழமான குழிகளை மூடுங்கள். ஒரே தடவையில் கொட்டக்கூடாது. நான்கு அங்குலம் போட்டு, மிதித்து, நனைத்து, அடுத்த நான்கு அங்குலம். ஓரடிக் குழிக்கு ஓர் அங்குலம் உயர்த்தியே விடுங்கள், அது இறங்கும். நிரப்பும் மண் சுற்றியிருக்கும் மண்ணாகவே இருக்கட்டும். குழியில் மட்டும் மணல் போட்டால் கோடையில் அந்த வட்டம் முதலில் காயும்.

அடுத்தது சாய்வு. புல்தரை தட்டையாக இருக்கக்கூடாது, வீட்டிலிருந்து வெளிப்பக்கம் மெல்லச் சாய வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு போதும்: இருபதடிக்குச் சுமார் இரண்டரை அங்குலம். நடப்பவர் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டமே போதும். நீளமான தெளிந்த குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுச் சுவரோரக் குச்சியிலும் மறு முனையை வேலியோரக் குச்சியிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். வேலியோரக் கோட்டிலிருந்து இரண்டரை அங்குலம் கீழே இறக்கி நூல் கட்டுங்கள். ஐந்தடிக்கு ஒரு நூல் கட்டி, நூலுக்குக் கீழே மண்ணை இழுத்துச் சேர்த்துவிடுங்கள். நடைபாதைக் கல்லைவிட மண் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், புல் வளர்ந்ததும் சமமாகும். வீட்டின் பேஸ்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மண்ணை உயர்த்தவே கூடாது. சுவரில் ஈரம் ஏறும்.

வெளியிலிருந்து மண் வாங்கினால் கணக்கு இது: அறுநூறு சதுர அடியை ஓர் அங்குலம் உயர்த்த 50 கன அடி, அதாவது அரை யூனிட். 'தோட்டத்து மண்' என்று லாரியில் வருவதைக் கொட்டும் முன்பு ஒரு கூடை இறக்கிப் பாருங்கள். கோரைக் கிழங்கு கண்ணில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஓரளவு மட்டமானதும் ஏப்ரலில் தரையை நன்றாக நனைத்து, மெல்லிய தெளிவான பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம். கறுப்பு விரிப்பு வேண்டாம், வெயில் உள்ளே போய்ச் சூடு ஏற வேண்டும். மேல் இரண்டு மூன்று அங்குலத்தில் இருக்கும் களை விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கோரை முழுக்கச் சாகாது, தளர்ந்துபோகும். விரிப்பை எடுத்த பிறகு மறுபடி ஆழமாகக் கொத்தாதீர்கள்; அடியில் தூங்கும் களை விதையை மேலே கொண்டுவந்துவிடும்.

பிறகு மழைக்குக் காத்திருங்கள். 2025 மே 18 இரவு ஊரையே முக்கிய மழை பெய்ததே, அடுத்த நாள் காலை எங்கள் வெறும் மண்தரையில் ஐந்து இடத்தில் தண்ணீர் நின்றது. நூல் கட்டியும் பிடிபடாத பள்ளங்கள் அவை. தோட்டக்காரர் ஒவ்வொரு குட்டையைச் சுற்றியும் கோலமாவு போல் சுண்ணாம்புத்தூளால் வட்டம் போட்டார். மண் காய்ந்ததும் மூடி வைத்திருந்த மண்ணை அந்த வட்டங்களுக்குள் மட்டும் நிரப்பினோம். மழை வராவிட்டால் ஹோஸ் வைத்துப் பார்க்கலாம், ஆனால் மழை காட்டும் துல்லியம் அதில் வராது. மழை பட்டதும் முளைக்கும் களைகளை அரை அங்குல ஆழத்தில் சுரண்டி எடுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை.

கடைசியாக மண்ணை இறுக்க வேண்டும். நர்சரியில் ரோலர் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குதிகாலை அழுத்திச் சிறுசிறு அடியாக முழுத் தரையையும் மிதித்து நடங்கள். மேலே நடந்தால் கால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக்கூடாது. பிறகு ஒரு மட்டப்பலகையால் இழுத்து, ரேக்கால் (சீப்பு போலப் பல் உள்ள தோட்டக் கருவி) மேல்மண்ணை லேசாகக் கீறிவிடுங்கள்.

விதை

மெக்சிகன் புல் விதையாக வாங்கும் பொருள் அல்ல, கார்ப்பெட்டாகவோ துண்டாகவோதான் நடுவார்கள். 'எல்லாக் காலத்துக்கும் ஏற்றது' என்று இணையத்தில் விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் இருப்பது ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்நாட்டுப் புல். பத்து நாளில் பளபளவென்று முளைக்கும், நம் ஏப்ரல் வெயிலைத் தாங்காது. தோல் நீக்கிய பெர்முடா விதை என்று கேட்டு வாங்குங்கள்; தோலோடு இருப்பது மெதுவாக முளைக்கும். பாக்கெட்டில் முளைப்பு விகிதமும் சோதனை செய்த தேதியும் இருக்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் ஈரத்துணியில் நூறு விதையை மடித்து வைத்து, இரண்டு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் அருகம்புல் நிற்காது. எங்கள் மாமரத்தடியில் விதைக்கவே இல்லை, கல் பதித்துவிட்டோம். நிழலில் புல்தான் வேண்டும் என்றால் பஃபல்லோ புல்லைத் துண்டாக நடுங்கள்.

விதைக்கும் நாள்

சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம். பறவையும் எறும்பும் எடுத்துக்கொள்வதைச் சேர்த்து எங்கள் இடத்துக்கு அரைக் கிலோ எடுத்தோம். விதை மிகப் பொடி, ஒரு கிராமில் சில ஆயிரம் இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஐந்து பங்கு காய்ந்த மணலோடு கலந்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறு பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவுங்கள். காற்றில்லாத காலை நேரம் நல்லது. ரேக்கைத் திருப்பிப் பிடித்து லேசாக இழுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் விதை வெளியே வராது. மறுபடி மிதித்தோ உருட்டியோ விதையை மண்ணோடு ஒட்டவையுங்கள்.

மேலே மூட வைக்கோல் போட்டால் அதிலிருந்தே களை முளைக்கும். அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் எட்டை விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். மழைத்துளியின் அடியைச் சேலை வாங்கிக்கொண்டது, தண்ணீர் மெல்ல இறங்கியது, புறாக்களும் ஏமாந்தன. ஆறாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். பச்சை நூல் போலத் தெரிந்ததும், ஒரு மாலை நேரத்தில் எடுத்துவிடுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் முளை துணிக்குள் ஏறிப் பிய்ந்துவரும். எங்களுக்கு ஒன்பதாம் நாள் தெரிந்தது. ஏழிலிருந்து பதினான்கு நாள் வரை ஆகலாம்.

தண்ணீர்

2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றத் தடை வந்தது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியிலும் அதே தடை. ஆகவே கோடையில் விதைக்காமல் மழையோடு விதைப்பது நியாயமான வழியும்கூட. மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வையுங்கள். நாளைக்கு 5 மி.மீ. என்றால் எங்கள் தரைக்கு 280 லிட்டர். வாஷிங் மெஷின் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுநீரும் இளம் முளைக்கு ஆகாது, உப்பு சேரும்.

முளைக்கும் வரை மேல்மண் காயவே கூடாது. மழையில்லாத நாளில் மூன்று நான்கு தடவை, பூவாளியில் மெல்லத் தெளித்துவிடுங்கள். ஹோஸைப் பீய்ச்சினால் விதை ஓரிடத்தில் ஒதுங்கும். முளைத்த பின் தினம் ஒரு வேளை, காலையில். மாலையில் நனைத்து இரவெல்லாம் ஈரமாக விட்டால், மேகமூட்ட நாட்களில் பூஞ்சை பிடித்து முளை அடியோடு சாயும். நான்காம் வாரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக. அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும்.

முதல் வெட்டும் பிறகும்

நான்காவது வாரம் சதுர மீட்டருக்கு 5 கிராம் யூரியாவை, இலையில் ஈரம் இல்லாதபோது தூவி உடனே தண்ணீர் விடுங்கள். புல் இரண்டரை அங்குலம் வந்ததும் முதல் வெட்டு. மண் காய்ந்திருக்க வேண்டும், பிளேடு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு இளம் புல்லை வேரோடு இழுக்கும். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். வெட்ட வெட்டத்தான் அருகம்புல் பக்கவாட்டில் ஓடி வெற்றிடத்தை மூடும். ஆகையால் இரண்டாம் மாதம் வரை சொட்டைகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் வெறுமையாக இருந்தால் அடர்ந்த இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து நடுங்கள்.

கோரை தலைகாட்டினால் அன்றே கிழங்கோடு எடுங்கள். எங்களுக்கு ஜூலை முழுவதும் வாரம் ஒருமணி நேரம் அதற்கே போனது. ஆகஸ்டில் பத்து நிமிடமாகக் குறைந்தது.

எட்டு வாரம் யாரையும் மிதிக்க விடாதீர்கள். அம்மா ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் திரும்ப நடந்தார், முதல் மாதம் தினம் மூன்று சுற்று மட்டும். டிசம்பர், ஜனவரியில் புல் மந்தமாகி நிறம் மங்கும். அது குளிரின் வேலை, உரம் கொட்டாதீர்கள். மே மாதம் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, சுண்ணாம்புத்தூளோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தை வட்டமிட்டு, காய்ந்ததும் சலித்த மண்ணை அரை அங்குலம் தூவிவிடுங்கள். சில்வர் ஓக் இருந்த இடத்தை நான் முதலில் பார்ப்பேன்.